குழல்வாய்த் துப்பாக்கியில் குண்டைத் துணியில் பொதிவது ஏன்?

மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியாகவே இட்டு நிரப்பும் பழங்காலத் துப்பாக்கியின் நகலைச் செய்து முடித்த நீங்கள், ஈயக்குண்டு குழலைவிடச் சிறியதாக இருப்பது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். தவறில்லை, அது வேண்டுமென்றே விடப்படும் இடைவெளி. அரை அங்குல விட்டமுள்ள குழலுக்குப் பொதுவாக 0.490 அங்குலக் குண்டையே பயன்படுத்துவார்கள். எண்ணெயோ கொழுப்போ தடவிய பருத்தித் துணி மீதி இடத்தை அடைத்து, குழலின் உட்புறச் சுருள் பள்ளங்களைப் பற்றிக்கொண்டு குண்டையும் சேர்த்துச் சுழற்றுகிறது. வெளியே வந்ததும் கழன்று விழுந்துவிடுகிறது. விழுந்த துணியை எடுத்துப் பாருங்கள்: ஓரம் பிசிறியிருந்தாலும் நடுப்பகுதி முழுதாக இருந்தால் பொருத்தம் சரி, நடுவில் கருகி ஓட்டை விழுந்திருந்தால் துணி மெல்லியது, அல்லது கொழுப்புப் போதவில்லை. எத்தனை நூல்களைப் படித்தாலும் இந்தத் துணித்துண்டு சொல்லும் அளவுக்குத் தெளிவாக எதுவும் சொல்லாது என்பது என் எண்ணம்.

குண்டு, அதை வெளியே தள்ளும் வெடிமருந்தான கருமருந்தின்மீது நன்றாகப் படிந்திருக்க வேண்டும். நடுவே வெற்றிடம் இருந்தால் குழல் உப்பவோ வெடிக்கவோ கூடும். ஆகவே, குண்டைக் குழலுக்குள் தள்ளிக் கெட்டிக்கும் கோலில் சரியான ஆழத்துக்கு ஒரு கோடு கீறி வைத்துக்கொள்ளுங்கள். இக்காலத் துப்பாக்கிகளுக்கான புகையில்லா மருந்தை ஒருபோதும் இடாதீர்கள். அதன் அழுத்தத்தை இவ்வகைக் குழல் தாங்காது.

வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற விகிதத்திலான கருமருந்து எரிந்தபின் பாதிக்குமேல் திடக்கசடாகவே எஞ்சி, காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். எனவே அன்றைக்கே சோப்புநீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் பூசிவிடுங்கள்.