பொருளாதாரம் சரியும்போது வேலை ஏன் சில நாட்டுல மட்டும் தப்பிக்குது? கேள்வி பதில்

கேள்வி: சார், 2009-ல உலக நிதி நெருக்கடில பல நாட்டுக்கும் அடி விழுந்துச்சு, ஜெர்மனில மட்டும் பெருசா யாருக்கும் வேலை போகலன்னு சொல்றாங்களே, உண்மையா?

பதில்: பெரும்பாலும் உண்மைதான். அந்த வருஷம் ஜெர்மனி ஜிடிபி, அதாவது நாட்டோட மொத்த உற்பத்தி, 5 சதவீதத்துக்கு மேல சுருங்குச்சு, அமெரிக்காவ விட மோசம், ஆனா வேலையின்மை 10 சதவீதத்த தொட்டது அமெரிக்காவுல, ஜெர்மனில அது லேசாத்தான் அசைஞ்சுது. ஏன்னா அங்க ஆளக் குறைக்காம நேரத்தக் குறைச்சாங்க. குர்ஸ்ஆர்பைட்னு பேரு, ஆர்டர் இல்லாத கம்பெனி வேலை நேரத்த வெட்டும், அதனால கைக்கு வராமப் போன சம்பளத்துல 60 சதவீதம், குழந்தை இருந்தா 67 சதவீதம், வேலையின்மை காப்பீட்டு நிதிலேருந்து வந்துடும். ஒரு கட்டத்துல கிட்டத்தட்ட 15 லட்சம் பேர் இதுல இருந்தாங்க. இன்னொன்ன நிறைய பேர் விட்டுடுறாங்க: நல்ல காலத்துல பார்த்த ஓவர்டைம கணக்குல சேத்து வெச்சு, மந்தம் வந்தா லீவா கழிச்சுக்கலாம்னு யூனியனும் நிர்வாகமும் முன்னாடியே ஒப்பந்தம் போட்டு வெச்சிருந்தாங்க, அதுக்கு அரசாங்கக் காசே வேண்டாம்.

கேள்வி: அப்போ ஆள தூக்கவே கூடாதுன்னு சட்டம் போட்டா முடிஞ்சுதே?

பதில்: முடியாதுங்க, ஸ்பெயின பாருங்க. நிரந்தர ஆளுக்கு பாதுகாப்பு பலமா இருந்துச்சு, அதனால முதலாளிங்க தற்காலிக கான்ட்ராக்ட்ல ஆள் எடுத்தாங்க, 2008-க்கு முன்னாடி மூணுல ஒருத்தர் அப்படித்தான். சரிவு வந்ததும் அந்த கான்ட்ராக்ட புதுப்பிக்காம விட்டாலே போதும், மொத்த அடியும் இளைஞர்கள் தலைல. 2013-ல வேலையின்மை 26 சதவீதம்! அதே ஸ்பெயின் 2020-ல வேலை நேரக் குறைப்புத் திட்டத்த பெருசா பயன்படுத்துச்சு, ஜிடிபி 10 சதவீதத்துக்கு மேல விழுந்தும் வேலையின்மை 16 சதவீதம் பக்கம் நின்னுடுச்சு. மக்கள் அதே மக்கள்தான், விதிதான் மாறுச்சு.

கேள்வி: சம்பளத்த கொஞ்சம் வெட்டினா எல்லாரையும் வெச்சுக்கலாமேன்னு மேடம் ஒருத்தங்க கேட்டாங்க, நீங்க என்ன சொல்றீங்க?

பதில்: நேரம் குறையாம சம்பளம் மட்டும் குறைஞ்சா மனசு விட்டுப்போகும், நல்ல ஆள் முதல்ல கிளம்புவாங்க. அதனாலயே கம்பெனிங்க அத தவிர்க்குறாங்க.

கேள்வி: உதவித்தொகை குடுத்தா யாரும் வேலை தேட மாட்டாங்களே?

பதில்: 2020-ல அமெரிக்கா வேலை போனவங்களுக்கு வாரத்துக்கு 600 டாலர் கூடுதலா குடுத்துச்சு, நிறைய பேருக்கு பழைய சம்பளத்த விட அதிகம். வேலைக்குத் திரும்புறது கொஞ்சம் தள்ளிப்போச்சு, ஆனா பயந்த அளவு இல்ல, வேலையே இல்லாதப்போ தேடி என்ன பண்றது? அந்தக் காச அவங்க செலவு பண்ணதால வேற யாரோட வேலையோ தப்பிச்சுது, இத ஏன் யாருமே கணக்குல எடுக்க மாட்டேங்கறாங்கன்னு எனக்கு உண்மையிலேயே ஆதங்கம்.

கேள்வி: இதெல்லாம் செத்த கம்பெனிய உயிரோட வெக்குறது இல்லையா?

பதில்: நியாயமான கேள்வி. சரிவு தற்காலிகம்னா நேரக் குறைப்பு அருமையான வழி, ஆனா அந்தத் தொழிலே மறையப்போகுதுன்னா ஆளுங்கள அங்கேயே கட்டிப்போடுற மாதிரி ஆகிடும். அதான் கால வரம்பும், கம்பெனியும் செலவுல ஒரு பங்கு ஏத்துக்கணுங்கற விதியும் வேணும்.

கேள்வி: பதிவே இல்லாம தினக்கூலிக்கு போறவங்களுக்கு?

பதில்: இதுல எதுவும் போய்ச் சேராது. காப்பீட்டுல பேர் இருந்தாதான் காசு. ஜெர்மனிலயே 2009-ல ஏஜென்சி மூலமா வந்த ஆளுங்கதான் முதல்ல வெளிய போனாங்க. இவங்களுக்கு நேரடிப் பணமோ அரசு தர்ற வேலையோதான் கை குடுக்கும், அதுவும் சரிவுக்கு முன்னாடியே இவங்க பேர் பட்டியல் ரெடியா இருந்தாதான்.