எப்பவாச்சும் ஓடுற படகு இன்ஜினுக்கு வருஷா வருஷம் சர்வீஸ் வேணுமா?

கேள்வி: 60 குதிரைசக்தி ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகுக்குப் பின்னாடி வெளிய தொங்கற இன்ஜின்) மாட்டின சின்ன படகு வச்சிருக்கேன் சார். உப்புத்தண்ணியிலதான் ஓடுது, வருஷத்துக்கு 20 மணி நேரம் ஓடினாலே பெரிசு. மேனுவல்ல 100 மணி நேரம் இல்லன்னா ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அப்ப சர்வீஸ்னு போட்டிருக்கு. மெக்கானிக் ஆயில், கியர் ஆயில், பிளக், ஃபில்டர், இம்பெல்லர் (இன்ஜினக் குளிர்விக்கத் தண்ணி ஏத்தற ரப்பர் சக்கரம்) எல்லாத்தையும் வருஷா வருஷம் மாத்தணும்ங்கறார். பக்கத்து படகுக்காரரோ 5 வருஷமா கையே வைக்கல, நல்லாத்தான் ஓடுதுங்கறார். யார் பேச்சக் கேக்கறது? வாரண்டி முடிஞ்சு போச்சு.

பதில்: வாரண்டி இருந்திருந்தா மறுபேச்சே இல்லாம மேனுவல் சொல்றபடி பண்ணி பில்ல பத்திரமா வைங்கன்னு முடிச்சிருப்பேன். இப்ப முடிவு உங்க கையில, அதனால கொஞ்சம் விவரமா பாப்போம். ஓட ஓட தேயற சாமான் ஒரு ரகம், சும்மா கெடந்தாலே கெட்டுப்போற சாமான் இன்னொரு ரகம். உங்க 20 மணி நேரம் முதல் ரகத்துக்குத்தான் லாபம், ரெண்டாவது ரகத்துக்கு நீங்க ஓட்டினீங்களா இல்லையான்னு கவலையே இல்ல.

ஸ்பார்க் பிளக் முதல் ரகம். கழட்டிப் பாருங்க, முனை லேசான பழுப்பு நிறத்துல இருந்து இடைவெளியும் சரியா இருந்தா திரும்ப மாட்டிருங்க, வருஷா வருஷம் புதுசு தேவையில்ல. வால்வ் கிளியரன்ஸும் மணிக்கணக்குதான், இப்போதைக்கு மறந்துருங்க. ஆனா உங்க இன்ஜின்ல டைமிங் பெல்ட் இருந்தா அது ரப்பர், அதுக்கு வயசும் கணக்கு, மேனுவல்ல எத்தன வருஷம்னு பாத்து வச்சுக்கங்க.

இன்ஜின் ஆயில வருஷம் ஒரு தடவ ஃபில்டரோட மாத்திருங்க, இதுல பேரம் பேசாதீங்க. கம்மியா ஓடுற இன்ஜின்ல ஆயில் நல்லா இருக்கும்னு தோணும், ஆனா கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தினா இன்ஜின் முழுசா சூடாகறதில்ல, உள்ள சேர்ற ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாம ஆயில்லயே தங்கிருது, எரிஞ்சதுல வர்ற அமிலமும் அதுல சேந்து மாசக்கணக்கா பேரிங்கத் தொட்டுக்கிட்டு கெடக்கும். அதனால சீசன் ஆரம்பத்துல மாத்தறதவிட, படக ஓரங்கட்டறதுக்கு முன்னாடி இன்ஜின சூடு பண்ணி எறக்கிட்டு புது ஆயில் ஊத்தி நிறுத்தறதுதான் நல்லது.

கியர் ஆயிலுக்குத்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்லுவேன். ராத்திரி முழுக்க அசையாம நிக்க விட்டுட்டு காலையில கியர் பெட்டியோட கீழ் ஓட்டைய அடைச்சிருக்க பிளக்க லேசா லூஸ் பண்ணி முதல்ல வர்ற சொட்டப் பாருங்க. தண்ணி ஆயில விட கனம், உள்ள போயிருந்தா அதுதான் முதல்ல வரும். ஆயில் வெளுத்துப்போய் பால் கலந்த மாதிரி வந்தாலும் அதே கதைதான், தண்ணி உள்ள வராம தடுக்கற சீல் போயிருக்கு. புரொப்பல்லரக் கழட்டினா பாதி நேரம் காரணம் அங்கேயே சுத்திக்கிட்டு இருக்கும், தூண்டில் நரம்பு ஷாஃப்ட்ல சுருண்டு சீல அறுத்துரும். திரும்ப ஊத்தும்போது கீழ் ஓட்ட வழியா மேல ஏத்தணும், மேல் ஓட்டையில வழியறவரைக்கும், அப்பதான் காத்து தங்காது. மேல் பிளக்க முதல்ல மூடிட்டு அப்புறம் கீழ மூடுங்க, ரெண்டுக்கும் வாஷர் புதுசு. பழைய வாஷரையே போட்டு அதுலயே தண்ணி ஏறின கதை நெறைய இருக்கு.

இம்பெல்லர் விஷயத்துல மெக்கானிக் பக்கம் கொஞ்சம் சாய்வேன். அது இதழ் இதழா ரப்பர், கூட்டுக்குள்ள ஒரு பக்கத்து இதழ் எப்பவும் மடங்கியே நிக்கும், மாசக்கணக்கா அப்படியே நின்னா ரப்பர் அந்த வளைவுலயே இறுகிப்போய் தண்ணி அடிக்கற சக்தி கொறையும். அதப் பாக்கணும்னாலே லோயர் யூனிட்ட, அதாவது புரொப்பல்லர் இருக்கற கீழ்ப்பகுதிய எறக்கணும், எறக்கின கையோட புதுச மாட்டறதுதான் புத்தி. உங்க ஓட்டத்துக்கு 2 வருஷத்துக்கு ஒரு தடவ போதும்ங்கறது என் கருத்து. ஆனா எப்ப ஸ்டார்ட் பண்ணாலும் பின்னாடி பீச்சுற தண்ணியப் பாருங்க, மெலிஞ்சா காத்திருக்காதீங்க. கழட்டினதுல ஒரு இதழ் காணோம்னா அந்தத் துண்டு மேல குளிர்விக்கற பாதையில எங்கயோ மாட்டிருக்கும், தேடி எடுத்தே ஆகணும்.

மிச்சம் ரெண்டு வரிதான். ஃபியூயல் ஃபில்டர் வருஷம் ஒண்ணு. ஆனோடு, அதாவது இன்ஜின உப்பு அரிக்காம இருக்க அதுக்குப் பதிலா தான் கரையற உலோகக் கட்டி, பாதி கரைஞ்சா மாத்துங்க, அழகா இருக்கட்டும்னு அதுமேல பெயிண்ட் அடிச்சா அது வேலையே செய்யாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அப்புறம் நல்ல தண்ணியில ஃப்ளஷ் பண்ணுங்க. பக்கத்துக்காரரப் பத்தி ஒண்ணும் சொல்றதுக்கில்ல, அவரு கியர் ஆயில எறக்கிப் பாத்துட்டு வந்து சொல்லட்டும்.

கேள்வி: டேங்க்ல பாதி பெட்ரோல் 8 மாசமா கெடக்கு, அதுலயே ஓட்டலாமா? புதுசு ஊத்திக் கலந்துக்கவா?

பதில்: படகுல வேணாம். எத்தனால் கலந்த பெட்ரோல் காத்துல இருக்க ஈரத்த இழுக்கும், அளவுக்கு மீறினா எத்தனாலும் தண்ணியும் சேந்து பிரிஞ்சு அடியில எறங்கிரும், இன்ஜினுக்கு இழுக்கற குழாயும் அங்கதான் இருக்கு. எறக்கிட்டு புதுசு ஊத்துங்க. ஸ்டெபிலைசர்ங்கற பெட்ரோல் கெடாம காக்கற மருந்த புது பெட்ரோல்ல ஊத்தினாதான் பிரயோஜனம், கெட்டத அது திருத்தாது, ஊத்தினதும் கொஞ்ச நேரம் ஓட்டுங்க, இன்ஜின் வரைக்கும் போய்ச் சேரணும்ல.

கேள்வி: ஓடாம கெடக்கும்போது வாரம் ஒரு தடவ தண்ணிக் குழாய மாட்டி 5 நிமிஷம் ஸ்டார்ட் பண்றேன், நல்லதுதானே?

பதில்: இல்ல. அஞ்சு நிமிஷத்துல சூடும் ஏறாது, ஈரமும் போகாது, மேல சொன்ன ஆயில் பிரச்சனையத்தான் வாராவாரம் வளக்கறீங்க. ஒண்ணு தண்ணியில எறக்கி லோடோட அரை மணி நேரம் ஓட்டுங்க, இல்லன்னா முறையா மூடி வச்சுட்டு சும்மா விடுங்க. குழாய் இல்லாம மட்டும் ஒரு நிமிஷம்கூட போடாதீங்க, இம்பெல்லர் அதுக்குள்ளயே கருகிரும்.