முதலில் சருகு, அப்புறம் தொட்டி: குடியிருப்பு மட்கு உரம் பற்றிக் கேள்வி பதில்

சென்னையில் 84 வீடுகள் கொண்ட எங்கள் அடுக்ககத்தில் ஒன்பது வருடமாகச் சமையலறைக் கழிவை உரமாக்கும் வேலையைப் பார்த்துக்கொள்கிறேன். வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

வேளச்சேரி, 60 வீடுகள்: அக்கா, செங்கல் தொட்டி இரண்டு கட்டி மூன்று வாரம் ஆகிறது. நாற்றம் தாங்கவில்லை. சங்கக் கூட்டத்தில் இழுத்து மூடச் சொல்கிறார்கள். என்ன பவுடர் போடலாம்?

பவுடருக்குக் காசு செலவழிக்காதீர்கள். சருகு எவ்வளவு போடுகிறோம் என்று நீங்கள் எழுதவே இல்லை, நோய் அதுதான்.

சோறு, காய்கறித் தோல், பழச்சக்கை எல்லாவற்றிலும் தண்ணீரும் நைட்ரஜனும் அதிகம். மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். சமையலறைக் கழிவில் அதில் பாதிதான் தேறும். மீதியைக் கொடுப்பது காய்ந்த இலை. அதோடு இலை, குவியலுக்குள் காற்று புகவும் இடம் விடுகிறது. வாடையை வைத்தே கோளாறைக் கண்டுபிடிக்கலாம். மூக்கில் சுள்ளென்று ஏறினால் அம்மோனியா, அதாவது நைட்ரஜன் மிஞ்சிவிட்டது. சாக்கடை வாடை என்றால் உள்ளே காற்றே இல்லை. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்.

நாளைக் காலையில் தொட்டியைக் காலி செய்யுங்கள். அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் குச்சி, சுள்ளி. அதன்மேல் ஒரு வாளிக் கழிவுக்கு ஒன்றரை வாளி நொறுக்கிய சருகு என்று கலந்து திரும்பப் போடுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்க்கவேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் குறைவு. குவியல் மூன்றடி உயரமாவது இருந்தால்தான் சூடு நிற்கும். மூன்றாம் நாள் ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகி, ஐந்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கையை வெடுக்கென்று எடுக்கத் தோன்றினால் வேலை நடக்கிறது. உள்ளே 55 டிகிரி மூன்று நாள் நின்றால் நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை ஒழிந்துவிடும்.

இன்னொன்று. வேம்பும் புங்கையும் மாசி, பங்குனியில் கொட்டும். அப்போது மூட்டை கட்டி வைக்காதவர்கள் ஐப்பசி மழையில் என்னிடம் வந்து அழுவார்கள். வருடாவருடம் நடக்கிறது.

அம்பத்தூர்: தொட்டிக்குள் பழுப்பும் கறுப்புமாகத் தட்டையான புழுக்கள் நூற்றுக்கணக்கில் நெளிகின்றன. வீட்டுப் பெண்கள் பயப்படுகிறார்கள். கொல்ல என்ன அடிக்க வேண்டும்?

ஒன்றும் அடிக்காதீர்கள். தோல் தடித்து, வரிவரியாக, அழுத்தினால் லேசில் நசுங்காமல் இருந்தால் அது கருப்புப் படைவீரன் ஈயின் புழு. எங்கள் தொட்டியில் ஒருமுறை மதியம் போட்ட பப்பாளிப் பாதி மறுநாள் காலையில் வெறும் தோலாகக் கிடந்தது, காகிதம்போல. அந்த அளவுக்குத் தின்னும். வளர்ந்த ஈ கடிக்காது, வீட்டுச் சாப்பாட்டைத் தேடி வராது. முட்டையிடுவதோடு அதன் கதை முடிகிறது. முற்றிய புழு கறுத்துத் தொட்டிச் சுவரில் ஏறி வெளியே வரும், அதைப் பார்த்துத்தான் எல்லாரும் அலறுகிறார்கள். கோழி வளர்ப்பவர் பக்கத்தில் இருந்தால் கூப்பிட்டுக் கொடுங்கள், கும்பிடுவார்.

வெள்ளையாக, ஒரு முனை கூராக, மெத்தென்று இருந்தால் அது சாதாரண ஈப்புழு. அப்போது மேலே நாலு விரல் கனத்துக்குச் சருகு போட்டு மூடுங்கள். பயம் பெண்களுக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் சங்கத் தலைவர் புழுவைப் பார்த்து ஓடியதை நான் பார்த்திருக்கிறேன்.

கொளத்தூர்: டயப்பர்?

கூடாது.

மடிப்பாக்கம்: கடையில் ‘மக்கும் பை’ என்று தருகிறார்கள். பையோடு போடலாமா?

போடாதீர்கள். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்த பிறகு இந்தப் பைகள் பெருகிவிட்டன. உண்மையான மக்கும் பைகூட, பெரிய ஆலைகளில் 58 டிகிரி அளவில் வாரக்கணக்கில் நிற்கும் சூட்டைக் கணக்கில் வைத்துச் சோதிக்கப்படுவது. நம் தொட்டியில் அது நாராகக் கிழிந்து உரத்தில் கலந்துவிடும், சலிக்கும்போது விரலால் பொறுக்க வேண்டியதுதான்.

அண்ணாநகர்: மீன், கோழிக் கழிவைப் பொதுத் தொட்டியில் போடலாமா?

போடலாம், நிபந்தனையோடு. குவியல் சூடாக இருக்கவேண்டும். நடுவில் குழி பறித்துப் போட்டு ஒரு சாண் சருகால் மூடவேண்டும். தொட்டிக்கு எலி நுழையாத வலை வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஆறு மாதம் போகட்டும்.

மயிலாப்பூர்: நீங்களே இப்படிச் சொல்லலாமா, மேடம்? அந்த உரத்தைத் துளசிக்கு எப்படிப் போடுவது? அசைவம் சாப்பிடுகிறவர்கள் தங்கள் குப்பையைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும்.

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். உங்கள் வீட்டில் ரோஜா இருக்கிறதா? நர்சரியில் அதற்கு என்ன வாங்கிப் போடுகிறீர்கள்?

மயிலாப்பூர்: எலும்புத் தூள். அது பாக்கெட்டில் வருகிறது, அது வேறு.

பாக்கெட்டில் போட்டால் எலும்பு எலும்பில்லாமல் போய்விடுமா? இயற்கை விவசாயிகள் மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்து மீன் அமிலம் தெளிக்கிறார்கள். அந்தக் கீரை உங்கள் வீட்டுக்கும்தான் வருகிறது. மட்கி முடிந்தபின் அதில் மீனும் இல்லை, முருங்கையும் இல்லை.

அண்ணாநகர்: எங்கள் சங்கத்தில் அசைவக் கழிவை வாங்குவதில்லை என்று தீர்மானமே போட்டுவிட்டார்கள், அக்கா. அதனால்தான் கேட்டேன்.

நாங்களும் முதல் வருடம் அப்படி ஒரு தீர்மானம் போட்டோம். என்ன ஆயிற்று தெரியுமா? கழிவைப் பிரிக்கும் அம்மா ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். வாழைப்பழத் தோலுக்கு அடியில் ஒரு பால் பாக்கெட், அதற்குள் மடித்து வைத்த சங்கரா மீன் தலை. பால் பாக்கெட்டோடு தொட்டிக்குள் போயிருந்தால் பத்து நாள் கழித்து எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தடை போட்டால் மீன் சாப்பிடுவது நிற்காது, ஒளிப்பதுதான் தொடங்கும். அதைக் கையால் பிரிப்பது தீர்மானம் போட்டவர் இல்லை.

மயிலாப்பூர்: உணர்வுகளுக்கு மதிப்பே இல்லையா?

இருக்கிறது. அதனால்தான் நாங்கள் அசைவக் கழிவுக்கென்று மூன்றாவது தொட்டி ஒன்று கட்டி, அதன் உரத்தை வாசல் பக்கப் புங்கை மரங்களுக்கும் வேலியோரச் செடிகளுக்கும் மட்டும் போடுகிறோம். துளசிக்கு முதல் தொட்டி உரம். சண்டை ஒரே வாரத்தில் அடங்கிற்று. எலிதான் அடங்க இரண்டு மாதம் பிடித்தது.

போரூர்: பூனை வருகிறதே, அதற்கு?

வலை. மேலே சொன்னேன். மீன் விஷயம் இதோடு போதும், வேறு கேளுங்கள்.

குரோம்பேட்டை: வணக்கம். எங்கள் தொட்டியில் நாற்றம் வருகிறது, புளித்த மோர் ஊற்றலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். மோர், சாணிக் கரைசல், பழைய உரம் எதை வேண்டுமானாலும் ஊற்றுங்கள், தொடங்கிவைக்க உதவும். சருகு இல்லாமல் எதுவும் உதவாது.

திருவள்ளூர் பக்கம் ஒரு விவசாயி: எனக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது, அம்மா. மண் செத்துப்போய்விட்டது. ஆய்வில் அங்ககக் கார்பன் 0.3 சதவீதம் என்று வந்தது. அடுக்ககங்களிலிருந்து உரம் வாங்கிப் போட்டால் தேறுமா?

நல்ல கேள்வி கேட்டீர்கள், ஐயா. அங்ககக் கார்பன் என்பது மட்கிய இலைதழையிலிருந்து மண்ணில் சேர்ந்த கார்பன். 0.5க்குக் கீழே குறைவு, 0.75க்கு மேலே அதிகம் என்பது ஆய்வுக்கூடக் கணக்கு. ஓர் ஏக்கரில் மேல் அரையடி மண் மட்டும் ஏறக்குறைய 9 லட்சம் கிலோ எடை. கார்பனை 0.1 சதவீதம் உயர்த்த 900 கிலோ கார்பன் வேண்டும். உரத்தில் 15 சதவீதம் கார்பன் என்று வைத்தால் 6 டன். அதிலும் பெரும்பகுதியை நம் வெயிலில் நுண்ணுயிர்கள் தின்று காற்றில் விட்டுவிடும். ஒரு போகத்தில் மண் மாறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுக்ககப் பக்கத்துக் கணக்கையும் பாருங்கள். வீட்டுக்கு அரைக் கிலோ என்று 60 வீட்டுக் கழிவு வருடத்துக்கு 11 டன். மட்கிச் சுருங்கி ஐந்தில் ஒன்று, அதாவது 2 டன்னைச் சுற்றி மிஞ்சும். தொழுவுரம் ஏக்கருக்கு 5 டன் என்பதுதான் வேளாண் பரிந்துரை. அப்படியென்றால் ஓர் அடுக்ககம் உங்கள் அரை ஏக்கருக்குக்கூடக் காணாது. நாலைந்து அடுக்ககங்களைப் பிடியுங்கள், பச்சையாகவே மடக்கி உழும் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டும் விதையுங்கள், இரண்டும் சேர்ந்தால்தான் உண்டு.

வாங்கும்போது பாதி வெந்த உரத்தை வாங்கிவிடாதீர்கள். ஒரு பிடியை ஈரமாக்கிப் பையில் கட்டி மூன்று நாள் வைத்துத் திறவுங்கள். மழை பெய்த மண் வாசனை என்றால் எடுங்கள், புளிப்பு வாடை என்றால் திருப்பிக் கொடுங்கள். வேகாத உரம் மண்ணில் இருக்கும் நைட்ரஜனையும் இழுத்துக்கொண்டு பயிரை வெளுக்க வைக்கும். கொஞ்சத்தில் வெந்தயம் விதைத்தும் பார்க்கலாம், முளை கருகினால் வேண்டாம்.

தாம்பரம்: தொட்டியிலேயே மண்புழு விடலாமா?

சூடு தணிந்த பிறகு விடுங்கள். முன்னால் விட்டால் வெந்துபோகும்.

பெருங்குடி: எங்கள் வளாகம் பெரியது. சட்டப்படி நாங்களே செய்தாக வேண்டுமா?

2016ஆம் வருடத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 5000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தன. இப்போதைய நிலவரத்தை மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் கேளுங்கள்.

ஆவடி: உரம் நாறுகிறது, ஏன்?

சருகு.

வேளச்சேரி (மறுபடியும்): அக்கா, எல்லாம் புரிந்தது. ஆனால் எங்கள் வளாகத்தில் இருப்பது எட்டு தென்னை மட்டும்தான். சருகுக்கு எங்கே போவது?

இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். தென்னை ஓலை மட்க வருடமாகும், அதை நம்பாதீர்கள். நார்க்கழிவு வாங்கினால் ஈரத்தை உறிஞ்சும், ஆனால் தானாக எளிதில் மட்காது, பாதிக்குப் பாதி சருகோடு கலக்கவேண்டும். பக்கத்துப் பூங்காவில் பெருக்குகிறவர்களிடம் பேசுங்கள். இலையை எரிப்பதைவிட யாராவது எடுத்துப்போனால் அவர்களுக்கும் வேலை மிச்சம். பாதாம் இலை கிடைத்தால் காலால் மிதித்து நொறுக்குங்கள், முழுசாகப் போட்டால் தட்டுத்தட்டாக ஒட்டிக்கொள்ளும்.

இந்த மாதத்துக்கு எங்களிடம் தூங்குமூஞ்சி இலை 14 மூட்டை உபரியாக இருக்கிறது. ஞாயிறு காலை ஏழு மணிக்குள் வண்டியோடு வாருங்கள். கோணிகளைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.