டாக்டராக லத்தீன் படித்தே ஆக வேண்டுமா?

கேள்வி: ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறோம். மகள் கிம்னாசியத்தில் (பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயார்செய்யும் பள்ளி) 5-ஆம் வகுப்பு. அடுத்த ஆண்டு இரண்டாம் அயல்மொழியாக லத்தீனா, பிரெஞ்சா என்று கேட்டுப் பள்ளியில் படிவம் கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு டாக்டராக ஆசை. லத்தீன் படிக்காவிட்டால் மருத்துவ இடம் கிடைக்காது என்கிறார் டியூஷன் மையத்துக்காரர். உண்மையா?

பதில்: உண்மையே இல்லை. ஜெர்மனியில் மருத்துவம் சேர லத்தீன் சான்றிதழ் கேட்பதில்லை. பள்ளி இறுதித் தேர்வான அபிட்டூரில் வாங்கும் மதிப்பெண், மருத்துவப் படிப்புக்கான டி.எம்.எஸ். என்ற திறனறித் தேர்வு போன்றவைதான் இடத்தை முடிவு செய்கின்றன. மருத்துவச் சொற்களுக்கென்று படிப்பின் தொடக்கத்திலேயே தனிப் பாடம் உண்டு. இறையியல் போன்ற சில படிப்புகளுக்கு லத்தீன் கேட்பார்கள். அதையும் கல்லூரியில் சேர்ந்த பிறகு படித்துத் தேறலாம்.

இந்தப் பயத்தைக் காட்டித்தான் டியூஷன் மையங்கள் ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். பாடம் தொடங்கும் முன்பே 'முன்தயாரிப்பு வகுப்பு' என்று பணம் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். முதல் ஆறு மாதம் வீட்டில் தினமும் கால் மணி நேரம் சொற்களை ஒப்பித்தால் போதும். அப்புறமும் தடுமாறினால் மாதாமாதம் நிறுத்திக்கொள்ளக்கூடிய டியூஷனாகப் பாருங்கள்.

சரி, எதை எடுப்பது? உங்கள் மகள் எப்படிப் படிப்பவள் என்று பாருங்கள். லத்தீன் வகுப்பில் பேச்சு கிடையாது, பாடம் ஜெர்மனில் நடக்கும். தேர்வில் ஒரு பத்தியை ஜெர்மனில் பெயர்க்கச் சொல்வார்கள். ஜெர்மன் எழுத்தில் தடுமாறும் பிள்ளைக்கு அங்கேயே மதிப்பெண் போகும். பிரெஞ்சில் சிக்கல் வேறு: 'ஓ' என்று காதில் விழும் ஒரே ஒலியை eau என்று மூன்று எழுத்தில் எழுத வேண்டியிருக்கும். ஆனால் பேசப் பேச வரும் மொழி. டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் தேறினால் பிரெஞ்சு அரசின் சான்றிதழும் கிடைக்கும், அது காலாவதி ஆகாது. வாயாடிப் பிள்ளை என்றால் யோசிக்காமல் பிரெஞ்சு என்பேன். எதை எடுத்தாலும் அது முக்கியப் பாடம், அடுத்த வகுப்புக்குப் போவதையே பாதிக்கும். இடையில் மாற்றிக்கொள்வதும் கடினம்.

வேலை நிமித்தம் ஊர் மாறுவீர்களா என்பதையும் யோசியுங்கள். பள்ளி விதிகளை ஒன்றுபோல் ஆக்க 1964-ல் ஹாம்பர்க்கில் மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டும் இன்றுவரை மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. உங்கள் ஊரில் 6-ஆம் வகுப்பில் தொடங்கும் மொழி, நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் 7-ல்தான் தொடங்குகிறது. அங்கிருந்து ஸ்டுட்கார்ட் வரும் குழந்தை ஓராண்டு பின்தங்கி நிற்கிறது. இதைச் சரிசெய்ய எவருக்கும் அவசரமில்லை, அவதி குழந்தைக்கு.

இரண்டாம் அயல்மொழி படித்தே ஆக வேண்டும் என்பதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதை விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் மகளுக்குப் பொருந்தாது. ஆனால் 13, 14 வயதில் நம் ஊரிலிருந்து ஜெர்மனிக்கு வந்து சேரும் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். தாய்மொழியில் தேர்வு எழுதி, அதையே இரண்டாம் அயல்மொழிக்கு ஈடாகக் காட்டும் வழி சில மாநிலங்களில் இருக்கிறது. அந்த மொழிக்குத் தேர்வாளர் கிடைத்தால்தான் நடக்கும். பள்ளியில் வாய்வார்த்தையாக 'முடியாது' என்பார்கள், அதோடு விட்டுவிடாதீர்கள். அந்த மாநிலக் கல்வி அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வந்து சேர்ந்த உடனே கேட்க வேண்டும். அந்த வழி அடைபட்டாலும் அபிட்டூர் போய்விடாது: 10-ஆம் வகுப்புக்குப் பிந்தைய மேல்நிலையில் புதிதாக ஒரு மொழியைத் தொடங்கி அபிட்டூர் வரை விடாமல் படிக்கலாம். அந்த மொழி எந்தப் பள்ளியில் இருக்கிறது என்பதை 10-ஆம் வகுப்பு முடியும் முன்பே விசாரித்து வையுங்கள்.