அக்கா பதில்கள்: ரயிலடியிலிருந்து ஆற்றுப்பாலம் வரை

தஞ்சாவூரில் திருநங்கைகளும், பெண்ணாக வளர்க்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகளும் ஆண்டுதோறும் நடத்தும் ஊர்வலத்தைப் பற்றிப் போன இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் நான்கை எடுத்துக்கொள்கிறேன்.

மன்னார்குடியில் நாங்கள் பதினோரு திருநங்கைகள் இருக்கிறோம். எங்கள் ஊரிலும் இப்படி ஓர் ஊர்வலம் நடத்த ஆசை. எங்கிருந்து தொடங்குவது? (வாசகி, மன்னார்குடி)

பதினோரு பேர் தாராளமாகப் போதும், மகளே. முதல் ஆண்டு நாங்கள் பத்தொன்பது பேர். அதில் நான்கு பேர் கடைசி நிமிடம் வரை ரயில் நிலையத்து வேப்பமரத்தடியை விட்டு வரவில்லை.

தேதியை முதலில் முடிவு செய்யுங்கள். நாங்கள் ஏப்ரல் 15 என்று வைத்திருக்கிறோம். 2008-இல் தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைந்தது அந்தத் தேதியில். நம்மை மூன்றாம் பாலினமாக ஏற்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்புச் சொன்னதும் அதே தேதியில்தான். ஆனால் சித்திரை வெயில் பொல்லாதது. நாலரை மணிக்கு முன்னால் கிளம்பாதீர்கள். தார்ச்சாலை செருப்பையும் மீறிச் சுடும். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கூவாகம் திருவிழா வரும். அதோடு மோதினால் பாதிப் பேர் அங்கே போயிருப்பார்கள். தேர்தல் வரும் ஆண்டென்றால் நடத்தை விதிகள் அமலில் இருக்கும், தேதியைத் தள்ளி வைக்கத் தயாராக இருங்கள்.

காவல் நிலையத்தில் கொடுக்கும் மனுவில் நாள், நேரம், புறப்படும் இடம், போகும் வழி, முடியும் இடம், எத்தனை பேர், பொறுப்பாளர் யார் என்பதெல்லாம் இருக்க வேண்டும். இரண்டு படி எடுத்துப் போய், ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி. இரவு பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், அதனால் கலை நிகழ்ச்சியை ஒன்பதரைக்கே முடித்துவிடுங்கள். பதினைந்து நாள் முன்னதாகவே மனுவோடு போய்விடுங்கள். அலைய விடுவார்கள், அசராதீர்கள். மனுவோடு காவல் நிலைய வாசற்படியை நான் முதல் முறை மிதித்தபோது கால் நடுங்கியது. அதற்கு முன் காவல் நிலையம் என்ற ஒன்றுக்குள் நான் போனதெல்லாம் பிடித்துக்கொண்டு போனபோதுதான். மனுவோடு என் காலால் நடந்து போனது அன்றுதான் முதல் தடவை. எழுத்தர் நாற்காலியைக் காட்டி ‘உட்காருங்க’ என்றார். என்னையா சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

பணத்துக்காகக் கடை கேட்கப் போகாதீர்கள். இதை நான் கண்டிப்பாகச் சொல்வேன். முதல் ஆண்டு அழைப்பு நோட்டீஸோடு காந்திஜி சாலையில் கடை கடையாக ஏறினோம். ஒரு பாத்திரக் கடையில் நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே முதலாளி கல்லாவைத் திறந்து பத்து ரூபாய்த் தாளை நீட்டிவிட்டார், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என்னோடு வந்த சின்னவள் அந்தத் தாளின் மேல் நோட்டீஸை வைத்து, கூடவே ஒரு கல்கண்டுப் பொட்டலமும் வைத்து, “இன்று வாங்க வரவில்லை ஐயா, கூப்பிட வந்தோம். நாளை சாயங்காலம் கடை வாசலில் நின்று பாருங்கள், போதும்” என்றாள். அவர் தாளை மடக்கியபடி அப்போதுதான் எங்களை நிமிர்ந்து பார்த்தார். மறுநாள் வாசலில் நின்றார், பக்கத்தில் அவர் மனைவியும். செலவுக்கு நாங்கள் ஆளுக்கு மாதம் நூறு ரூபாய் என்று தை முதலே சீட்டு மாதிரி சேர்க்கிறோம். எப்படியாவது இப்படியே சமாளியுங்கள்.

சாப்பாடு நான் பேச வேண்டிய விஷயம், ஏனென்றால் என் பிழைப்பே கல்யாணச் சமையல். நூறு பேருக்குச் சாம்பார் சாதம் என்றால் பத்துக் கிலோ அரிசி, மூன்று கிலோ துவரம்பருப்பு. சின்ன வெங்காயத்தை முதல் நாள் இரவே உட்கார்ந்து உரித்துவிடுங்கள். அந்த இரவுதான் எங்களுக்குப் பாதிக் கொண்டாட்டம். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்த பிள்ளைகள் பெரியவர்களுக்கு எங்கள் வழக்கப்படி ‘பாம்படுத்தி’ என்று வணக்கம் சொல்லிவிட்டு, முறத்தைச் சுற்றி உட்கார்ந்து உரித்துக்கொண்டே விடிய விடியக் கதை பேசுவார்கள். மறுநாள் பந்தியில் வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் உட்கார வையுங்கள். ஆட்டோ ஓட்டுநர், பந்தோபஸ்துக்கு வந்த காவலர், பூக்காரம்மா, எல்லோருக்கும் இலை போடுங்கள். நம் கையால் பரிமாறிய சோற்றை நம் ஊர்க்காரர்கள் சாப்பிட்டார்கள் என்பது எனக்குச் சின்னக் காரியமாகத் தெரியவில்லை.

நான் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். யாரையும் புண்படுத்தக் கேட்கவில்லை. கூவாகம் இருக்கும்போது இந்த வெளிநாட்டு வழக்கம் எதற்கு? (வாசகர், கும்பகோணம்)

நேராகக் கேட்டதற்கு நன்றி, ஐயா. இந்த மாதிரி ஊர்வலம் 1970-இல் அமெரிக்காவில் தொடங்கியது உண்மைதான். சென்னையில் 2009 முதல் வானவில் ஊர்வலம் நடக்கிறது. நாங்கள் பிடிக்கும் இளநீலம், இளஞ்சிவப்பு, வெள்ளைக் கொடியையும் 1999-இல் ஓர் அமெரிக்கத் திருநங்கைதான் வடிவமைத்தார். ஐந்து பட்டை, எப்படித் திருப்பிப் பிடித்தாலும் சரியாகவே இருக்கும். எங்கள் தையல்காரர் அதைத் தைத்து முடித்துவிட்டு, “இதில் தலைகீழ் என்பதே இல்லையே அக்கா” என்று அதிசயித்தார். ஆனால் கூடித் தெருவில் நடப்பதற்கு நம் பக்கத்துக்காரர்களுக்கு வெளியிலிருந்தா பாடம் வர வேண்டும்? சித்திரையில் திருவையாற்றுப் பல்லக்கு ஏழூர் சுற்றி வருகிறதே.

கூவாகத்துக்கு இருபத்தெட்டு ஆண்டுகளாகப் போகிறேன். அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து, வெள்ளைப் புடவை உடுத்தி, நெஞ்சு விட்டு அழுது திரும்புவேன். அந்த அழுகை எனக்கு வேண்டும், அதை விடமாட்டேன். ஆனால் அங்கே என்னைப் பார்ப்பவர்கள் என்னை அறியாதவர்கள்.

பதினேழு வயதில், தஞ்சாவூர் ரயிலடியில் இரவு வண்டி ஏறி ஊரை விட்டுப் போனவள் நான். அண்ணனின் கைலியைக் கட்டிக்கொண்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, விளக்கில்லாத நடைமேடை ஓரமாக நின்றேன். தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்பதுதான் அன்றைய ஒரே வேண்டுதல். எங்கள் ஊர்வலம் அதே ரயிலடியில் புறப்படுகிறது. பட்டுப்புடவையில், தலை நிறையப் பூவோடு, தவிலும் நாகசுரமும் முன்னால் போக, காந்திஜி சாலை வழியாக ஆற்றுப்பாலம் வரை பகல் வெளிச்சத்தில் நடக்கிறேன். என்னோடு படித்தவர்கள் பார்க்கிறார்கள். ரேஷன் கடைக்காரர் பார்க்கிறார். தெரிந்தவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே நடக்கிறேன், ஐயா. கூவாகத்தில் இது எனக்குக் கிடைக்காது.

நான் திருநம்பி. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. உங்கள் ஊர்வலத்தில் எனக்கு இடம் உண்டா? (வாசகர், திருத்துறைப்பூண்டி)

உண்டு, தம்பி. முதல் ஆண்டு எங்கள் பதாகையில் ‘திருநங்கையர்’ என்று மட்டும் எழுதியிருந்தோம். உன்னைப் போல ஒரு பிள்ளை அதன் கீழே நின்று நெடுநேரம் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பின்வரிசைக்குப் போய்விட்டான். எனக்கு அன்று இரவு தூக்கமில்லை. அடுத்த ஆண்டு ‘திருநங்கையர், திருநம்பியர்’ என்று எழுதி, பதாகையின் ஒரு கம்பை அவன் கையிலேயே கொடுத்தோம்.

வீட்டில் சொல்லாதவர்களுக்கு மணிக்கட்டில் மஞ்சள் நாடா கட்டிவிடுகிறோம். அதைக் கட்டியவரைப் படம் எடுக்கக் கூடாது என்று செய்தியாளர்களிடம் முன்பே சொல்லிவிடுவோம். கைபேசியோடு வருகிறவர்களைத் தடுக்க இருபுறமும் நம் ஆட்கள் நடப்பார்கள். பட்ட பிறகுதான் இந்த ஏற்பாடு வந்தது. ஒரு ஆண்டு யாரோ எடுத்த படம் ஊரெல்லாம் சுற்றி, துணிக்கடையில் நின்ற ஒரு பிள்ளைக்கு வேலை போயிற்று. இத்தனை செய்தும் முழு உத்தரவாதம் தர என்னால் முடியாது. பயமாக இருந்தால் இந்த ஆண்டு நடக்க வேண்டாம், இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் வா.

என் பிள்ளை இப்போது எனக்கு மகள். அதைச் சொல்லவே மூன்று ஆண்டாயிற்று. வரும் ஊர்வலத்தில் நடக்கப் போகிறேன் என்கிறாள். உறவுக்காரர்கள் பார்ப்பார்களே என்று அவள் அப்பா பேசாமல் இருக்கிறார். நான் என்ன செய்யட்டும்? (ஒரு தாய், பாபநாசம்)

‘எனக்கு மகள்’ என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, அந்த வரியை இரண்டு முறை படித்தேன். என் அம்மா என்னை அப்படிச் சொல்லிக் கேட்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. நான் திரும்பி வந்தபோது அவர் இல்லை.

அவளைத் தடுக்காதீர்கள். அவள் அப்பாவை வற்புறுத்தவும் வேண்டாம், அவருக்கு நாளாகும். உங்களைக் கொடி பிடித்து நடக்கச் சொல்லமாட்டேன். ஆற்றுப்பாலத்துக்கு முன்னால் இடது கைப் பக்கம் நீர்மோர்ப் பந்தல் போடுவோம். நாலு பானை மோர், கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்டது. அதை மொண்டு கொடுக்க எங்களுக்கு எப்போதும் ஆள் குறைவு. பாபநாசத்திலிருந்து மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால் நேரத்துக்கு வந்துவிடலாம். உங்கள் மகள் வெயிலில் நடந்து களைத்து அந்தப் பந்தலுக்கு வரும்போது முதல் டம்ளரை நீங்கள் கொடுங்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வாருங்கள், மோர் சிந்தும்.