விசுவாசத்தால் குணமாதல் என்றால் என்ன? திருச்சபைகள் மருத்துவத்தை எதிர்க்கின்றனவா?

ஜெபத்தாலும், கை வைத்து வேண்டுவதாலும், எண்ணெய் பூசுவதாலும் கடவுள் நோயைக் குணமாக்குவார் என்ற நம்பிக்கைதான் இது. நோயாளி சபை மூப்பரை வரவழைக்கட்டும் என்கிறது யாக்கோபு 5:14. மருத்துவரை அழைக்காதே என்று அதில் இல்லை.

பெரும்பாலான சபைகள் இரண்டையும் ஏற்கின்றன. மருந்தும் மருத்துவரின் அறிவும் கடவுள் கொடுத்தவையே என்பது அவர்கள் போதனை. கத்தோலிக்க விவிலியத்தின் சீராக் 38 இதை நேராகவே சொல்கிறது. ஜெபித்துவிட்டு வண்டி எடுப்பவர் சீட் பெல்ட்டும் போடுவாரே, அதுபோல.

ஒரு குணமாதலைப் புதுமை, அதாவது அற்புதம், என்று அறிவிக்கக் கத்தோலிக்கர்கள் அவசரப்படுவதில்லை. குணம் தேடிப் பலர் யாத்திரை போகும் பிரான்சின் லூர்து நகரில் 1883 முதலே இதற்கென மருத்துவ அலுவலகம் உண்டு. நோய் கடுமையானதா, முன்பே உறுதியானதா, குணம் திடீரென்று முழுமையாக வந்ததா, நிலைத்ததா, சிகிச்சையால் வந்திருக்குமா என்று மருத்துவர்கள் அலசுவார்கள். அறிவிப்பது ஆயர்.

பெந்தெகொஸ்தே சபைகள் ‘அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்’ என்னும் ஏசாயா 53:5-ஐக் காட்டி தெய்வீக சுகத்தை அழுத்திப் போதிக்கின்றன. ஆனாலும் அங்கே மாத்திரை போடுபவர்களே அதிகம். மேரி பேக்கர் எடி 1879-ல் நிறுவிய கிறிஸ்டியன் சயின்ஸ் சபை விதிவிலக்கு. அது ஜெபத்தையே சிகிச்சையாகக் கொள்கிறது.

சிக்கல் எங்கே வருகிறது? ஜெபத்துக்குப் பின் உடம்பு லேசானதுபோல் தோன்றும். அதை நம்பி மருந்தை நிறுத்திவிடுவார்கள். முதல் வகை நீரிழிவுக்காரர் இன்சுலினை விட்டால் ஓரிரு நாளிலேயே இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகும். வலிப்பு மாத்திரையைத் திடீரென விட்டாலும் வலிப்பு முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம்.

யெகோவாவின் சாட்சிகள் மருத்துவமே வேண்டாம் என்பவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அவர்கள் மறுப்பது இரத்தம் ஏற்றுவதை, அறுவை சிகிச்சையை அல்ல.