சைஸ் சரி, நெற்றி ஏன் வலிக்கிறது?

ஹெல்மெட்: வாசகர் கேள்வி – பதில்

முப்பதாயிரத்துக்கு மேல் கொடுத்து வெளிநாட்டு ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் வாங்கினேன். தலைச் சுற்றளவு 58 செ.மீ., அட்டவணைப்படி எம் சைஸ். ஆனால் அரை மணி நேரம் ஓட்டினால் நெற்றி நடுவில் தாங்க முடியாத வலி. ‘போகப் போக செட் ஆகிடும் சார்’ என்கிறார் கடைக்காரர். எல் சைஸுக்கு மாறலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

மாறாதீர்கள். எல் சைஸில் நெற்றி வலி குறையலாம். ஆனால் கன்னமும் பொட்டும் (கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள பகுதி) தளர்ந்து, வேகத்தில் ஹெல்மெட் ஆட ஆரம்பிக்கும். உங்கள் பிரச்சினை சைஸில் இல்லை, தலையின் வடிவத்தில் இருக்கிறது. டேப் சுற்றளவை மட்டும்தான் சொல்லும். ஒரே 58 செ.மீ. சுற்றளவில் முன்பின் நீண்ட தலையும் உண்டு, கிட்டத்தட்ட வட்டமான தலையும் உண்டு. ஹெல்மெட்டின் உட்புறத்தையும் கம்பெனிகள் அப்படித்தான் வடிக்கின்றன: லாங் ஓவல், இன்டர்மீடியட் ஓவல், ரவுண்டு ஓவல். கடையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை நடுவில் உள்ள வகை.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். முடியை நனைத்துப் படிய வாரிக்கொண்டு, உச்சந்தலைக்கு நேர் மேலிருந்து ஒருவரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பொட்டுப் பக்கம் விரலை நுழைத்துப் பாருங்கள். நெற்றியில் வலி, பொட்டில் விரல் சுலபமாக நுழைகிறது என்றால் உங்கள் தலை நீளவாக்குத் தலை. ஹெல்மெட் அதைவிட வட்டமானது. பொட்டிலும் காதுக்கு மேலும் வலி, நெற்றியில் இடைவெளி என்றால் கதை தலைகீழ்.

‘செட் ஆகிடும்’ என்பது பாதி உண்மை. சீக் பேட் எனப்படும் கன்னப் பஞ்சு சில வாரங்களில் படியும். அதனால்தான் புது ஹெல்மெட் கன்னத்தைச் சற்று அழுத்துவது நல்லது. நெற்றியில் பஞ்சு மெல்லியது. அதற்குப் பின்னால் இருப்பது இபிஎஸ், நம் பேச்சில் தெர்மாகோல். விபத்தின் வேகத்தில் நசுங்கி அதிர்ச்சியை வாங்குவதற்காகச் செய்யப்பட்டது அது. தினசரி அழுத்தத்தில் படியாது. கழற்றியதும் கண்ணாடியில் பாருங்கள். நெற்றி முழுக்கப் பரவிய லேசான சிவப்பு பரவாயில்லை. ஒரே இடத்தில் காசளவு சிவப்பும் கூடவே தலைவலியும் இருந்தால் அந்த ஹெல்மெட் உங்களுக்கானது இல்லை.

சிலர் அந்த இடத்துத் தெர்மாகோலைக் கரண்டிக் காம்பால் அழுத்திப் பள்ளம் செய்கிறார்கள், பிளேடால் சீவுகிறார்கள். விலை உயர்ந்த ஹெல்மெட்டில் நீங்கள் பணம் கொடுத்து வாங்கியதே, இடத்துக்கு இடம் அடர்த்தி மாற்றி வார்த்த அந்த அடுக்கைத்தான். அதைக் குடைந்துவிட்டு மேல் ஓடு கார்பன் என்று பெருமைப்பட்டு என்ன பயன்?

முறையான வழி பஞ்சை மாற்றுவது. ஜப்பானிய கம்பெனியான ஷோய்யின் ஹெல்மெட்களுக்குக் கன்னப் பஞ்சு பல தடிமனில் தனியாகக் கிடைக்கிறது. பல மாடல்களுக்கு உச்சிப் பகுதிப் பஞ்சும் மாற்றலாம். இன்னொரு ஜப்பானிய கம்பெனியான அராயின் மாடல்கள் பலவற்றில் பொட்டிலும் கன்னத்திலும் 5 மி.மீ. அடுக்கை உரித்தெடுக்கலாம். ஆனால் உரித்தால் பக்கவாட்டில்தான் இடம் கிடைக்கும், அது வட்டத் தலைக்காரருக்கு உதவும். உங்களுக்கு வேண்டியது முன்பின் இடம். அதனால் வேறு வடிவ மாடலுக்கு மாறுவதே வழி. அராயின் சிக்னெட்-எக்ஸ் லாங் ஓவல் தலைக்கென்றே செய்யப்பட்டது. பழையதைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்பது கடையைப் பொறுத்தது. ஓட்டிய ஹெல்மெட்டைப் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள்.

எங்கள் ஊரில் பெரிய கடை கிடையாது, ஆன்லைனில்தான் வாங்க வேண்டும். வந்ததும் எப்படிச் சோதிப்பது? (தேனி வாசகர்)

ஆர்டர் போடும் முன் அளவு. தையல் டேப்பைப் புருவத்துக்கு 2.5 செ.மீ. மேலே வைத்து, காதுக்கு மேலாகப் பின்மண்டையின் புடைத்த பகுதி வரை சுற்றுங்கள். மூன்று முறை எடுத்து, வந்ததில் பெரிய எண்ணைக் கொள்ளுங்கள். அந்தந்த கம்பெனியின் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். ஒன்றின் எல் இன்னொன்றின் எம் ஆக இருக்கலாம். இரண்டு சைஸுக்கு நடுவில் விழுந்தால் சிறியதை முதலில் போட்டுப் பாருங்கள்.

வந்ததும் விசர் (முகத்துக்கு முன்னால் உள்ள கண்ணாடி) மேல் இருக்கும் பிலிமைப் பிரிக்காதீர்கள், லேபிளை அறுக்காதீர்கள். தாடைப் பட்டையின் இரு பக்கத்தையும் வெளிப்புறமாக இழுத்து விரித்து மாட்டுங்கள். கழுத்துப் பகுதி இறுக்கமாகவும் தலை உள்ளே போனதும் நிம்மதியாகவும் இருக்க வேண்டும். புருவத்துக்கு மேல் ஒரு விரல் அகலத்தில் உள்விளிம்பு நிற்க வேண்டும். மெல்லுவதுபோல் வாயை அசைத்தால் கன்னத்தின் உட்பகுதி பல்லில் லேசாகச் சிக்கும், புதிதில் அப்படித்தான்.

இனி முகவாய்ப் பகுதியைப் பிடித்து இடமும் வலமும் திருப்புங்கள். ஹெல்மெட்டோடு கன்னத் தோலும் நெற்றித் தோலும் நகர வேண்டும். தோல் நிற்க ஹெல்மெட் மட்டும் வழுக்கினால் பெரியது. அடுத்தது எல்லாரும் விட்டுவிடும் சோதனை: பட்டையைக் கட்டிக்கொண்டு, குனிந்து, பின்னங்கழுத்து விளிம்பை இரு கைகளாலும் பிடித்து முன்னோக்கி உருட்டித் தள்ளுங்கள். கழன்று வந்தால் அதே நிமிடம் திருப்பி அனுப்புங்கள். தரையில் உருளும்போது கழன்றுபோகும் ஹெல்மெட் இப்படிப்பட்டதுதான்.

எல்லாம் சரியென்றால் அரை மணி நேரம் அப்படியே மாட்டிக்கொண்டு டிவி பாருங்கள். ஐந்து நிமிடத்தில் எந்த ஹெல்மெட்டும் நன்றாகத்தான் இருக்கும்.

இசிஇ (ஐரோப்பியத் தரம்) முத்திரை மட்டும் உள்ள ஹெல்மெட் போதுமா? ஐஎஸ்ஐ வேண்டுமா? (சென்னை வாசகர்)

சட்டப்படி ஐஎஸ்ஐ வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு மத்திய அரசு வகுக்கும் தரத்தைத்தான் கேட்கிறது. 2021 ஜூன் 1 முதல் இந்தியத் தர அமைவனத்தின் (பிஐஎஸ்) ஐஎஸ் 4151 தரத்துக்கான ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரைக்குக் கீழே உள்ள சிஎம்/எல் எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உரிமம் யாருடையது என்று தெரியும். ரோட்டோரக் கடைகளில் ஸ்டிக்கர் தனியாகவே கிடைக்கும் ஊர் நம்முடையது, அதனால் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்துவிடுங்கள்.

இசிஇ லேபிள் தாடைப் பட்டையில் தைத்திருக்கும். வட்டத்துக்குள் ‘இ’ எழுத்தோடு இருக்கும் எண் அனுமதி தந்த நாட்டைக் குறிக்கும்: 1 ஜெர்மனி, 3 இத்தாலி, 4 நெதர்லாந்து, 9 ஸ்பெயின். தயாரான நாடு அதுவாக இருக்க வேண்டியதில்லை. அருகே உள்ள நீண்ட எண் 06 என்று தொடங்கினால் அது இசிஇ 22.06, புதிய விதி. பழைய 22.05-இல் மோதல் சோதனை விநாடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் நடந்தது. புதியதில் அதோடு 6 மீட்டர், 8.2 மீட்டர் வேகங்களும், தலை சுழல்வதை அளக்கும் சாய்வு மோதலும் சேர்ந்திருக்கின்றன. குறைந்த வேகச் சோதனை முக்கியம்: தெர்மாகோல் மிகக் கெட்டியாக இருந்தால் சின்ன அடியில் நசுங்காமல் அதிர்ச்சியை அப்படியே தலைக்குக் கடத்திவிடும்.

இரண்டு முத்திரையும் உள்ள மாடல்கள் இங்கே கிடைக்கின்றன. அவற்றிலிருந்து தேர்ந்தெடுங்கள். அமெரிக்காவின் டாட் ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள், அது தயாரிப்பாளர் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் சான்று.

டபுள் டி-ரிங் நல்லதா, கிளிக் பக்கிள் நல்லதா?

இரண்டும் காப்பாற்றும். டி-ரிங்கில் பட்டையை இரு வளையங்களுக்குள்ளும் விட்டு, ஒன்றின் வழியே திருப்பி எடுத்து இழுக்க வேண்டும். நுனியில் இருக்கும் பட்டன் பட்டை படபடக்காமல் இருக்க மட்டுமே. அதை மாட்டிவிட்டு ஹெல்மெட் கட்டியாயிற்று என்று போகிறவர்களைத் தினமும் சிக்னலில் பார்க்கலாம். கிளிக் வகையில் பட்டை நாளடைவில் தளரும், அவ்வப்போது நீளத்தைச் சரிசெய்யுங்கள். தாடைக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும், அதற்கு மேல் கூடாது.

நீளமான கூந்தல், தினமும் எண்ணெய் வைப்பேன். பின்னல் போட்டால் ஹெல்மெட் மேலே எழும்புகிறது. என்ன செய்வது? (சேலம் வாசகி)

கொண்டையும் உயரத்தில் கட்டும் குதிரைவாலும் ஹெல்மெட்டுக்கு ஆகாது. பின்விளிம்பு எழும்பினால் முன்விளிம்பு கண்ணை மறைக்கும். பின்னலைக் கழுத்தடியில், ஹெல்மெட் விளிம்புக்குக் கீழே தொடங்குங்கள். பூ வைப்பதானாலும் அங்கேதான். ஊக்கும் கிளிப்பும் உள்ளே இருக்கக் கூடாது, அடிபட்டால் அவை மண்டையில் குத்தும். அளவெடுக்கும்போதும் போட்டுப் பார்க்கும்போதும் வண்டி ஓட்டும் நாளில் இருக்கும் அதே சிகையலங்காரத்தோடு, மெல்லிய பருத்தித் தொப்பி போடுவீர்கள் என்றால் அதையும் போட்டுக்கொண்டு போங்கள்.

எண்ணெய்க்கு அந்தத் தொப்பியே தடுப்பு. பஞ்சுகளைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் குழந்தைகளுக்கான ஷாம்பு கலந்து கையால் அமுக்கித் துவைத்து, முறுக்காமல் நிழலில் உலர்த்துங்கள். தெர்மாகோலை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் எதுவும் அருகில் வரக் கூடாது: தெர்மாகோல் கரையும், பாலிகார்பனேட் ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும்.

மூக்குக்கண்ணாடி போடுகிறேன், காது மேல் அழுத்துகிறது.

நேரான, மெல்லிய காம்புள்ள பிரேமுக்கு மாறுங்கள். பொட்டுப் பகுதிப் பஞ்சில் கண்ணாடிக் காம்புக்கென்று பள்ளம் விட்ட மாடலைக் கேளுங்கள். ஹெல்மெட்டை மாட்டிய பிறகு கண்ணாடியைச் செருக வேண்டும்.

வண்டி டேங்கிலிருந்து ஹெல்மெட் கீழே விழுந்துவிட்டது. தூக்கிப் போட வேண்டுமா?

உள்ளே தலை இல்லாமல் இடுப்புயரத்திலிருந்து விழுந்தால் பெரும்பாலும் பெயிண்ட்தான் போகும். தெர்மாகோலை உள்ளிருந்து நசுக்க எடை இல்லையே. ஆனாலும் பஞ்சைக் கழற்றிப் பாருங்கள். தெர்மாகோலில் வெடிப்போ ஓட்டிலிருந்து பிரிந்த இடைவெளியோ தெரிந்தால் மாற்றுங்கள். தலையில் இருக்கும்போது அடிபட்டிருந்தால் வெளியே கீறலே இல்லாவிட்டாலும் மாற்றத்தான் வேண்டும். அடி எதுவும் படாவிட்டாலும் ஐந்து வருடத்தில் மாற்றச் சொல்கிறது அமெரிக்காவின் ஹெல்மெட் சோதனை அமைப்பான ஸ்னெல்.

ஊட்டி ஏறும்போது விசர் மூடுபனி பிடிக்கிறது. பின்லாக் போட்டும் ஓரத்தில் பனி. (மேட்டுப்பாளையம் வாசகர்)

பின்லாக் என்பது விசரின் உட்புறம் மாட்டும் பனித்தடுப்புத் தகடு. அதன் சிலிக்கோன் விளிம்பு சுற்றிலும் விசரைத் தொட வேண்டும். அங்கே இடைவெளி இருந்தால் ஈரக்காற்று நுழையும். விசரில் இருக்கும் இரண்டு குமிழ்களும் மையம் தள்ளிச் செய்யப்பட்டவை. அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் பிடிப்பு இறுகும். 30, 70, 120 என்ற எண்கள் பனியைத் தாங்கும் திறன். உங்கள் விசரின் மாடலுக்கு உரிய துண்டுதானா என்று பார்த்து வாங்குங்கள். பின்லாக்கை ஈரமாக இருக்கும்போது துணியால் தேய்த்தால் கீறல் விழும், இரவில் எதிர்வரும் விளக்கு கலங்கித் தெரியும். மலைப்பாதைக்குப் புகைநிற விசர் வேண்டாம். நிறம் போட்ட விசர்களில் ‘பகலில் மட்டும்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பதைக் கவனியுங்கள்.